நான்கு முழத்திற்கு அப்பால் வாழ்ந்த மெய்யியலாளர்

1656ஆம் ஆண்டு ஜூலை மாதம் 27ஆம் திகதி, அம்ஸ்டர்டாம் நகரின் கால்வாயோரம் அமைந்திருந்த யூதத் தொழுகைக்கூடத்தில் ஒரு விலக்குத் தீர்ப்பு வாசிக்கப்பட்டது. இருபத்து மூன்று வயது இளைஞர் ஒருவர் இஸ்ரவேல் சமூகத்திலிருந்து நீக்கப்படுகிறார் என்பதே அதன் சாரம். அவர் பகலிலும் இரவிலும், உறங்கும்போதும் எழும்போதும் சபிக்கப்பட்டவராக இருக்கவேண்டும். எவரும் அவருடன் பேசலாகாது, கடிதத் தொடர்பு வைக்கலாகாது, உதவி செய்யலாகாது, அவருடன் ஒரே கூரையின் கீழ் தங்கலாகாது, அவருக்கு நான்கு முழத் தூரத்திற்குள் நெருங்கலாகாது. அவர் எழுதிய எதனையும் வாசிக்கவும் கூடாது. அந்த இளைஞர் அதுவரை ஒரு நூலைத்தானும் வெளியிட்டிருக்கவில்லை என்பது இங்கு கவனிக்கத்தக்கது.

பாரூக் ஸ்பினோசா என்று உலகம் இன்று அறிந்திருக்கும் மெய்யியலாளர் அவர். மேற்குலகச் சிந்தனை வரலாற்றில் டெக்கார்ட், லைப்னிட்ஸ் ஆகியோருடன் ஒரே வரிசையில் வைத்துப் பேசப்படுபவர். அறம் பற்றியும் அறிவு பற்றியும் அரசு பற்றியும் அவர் கூறியவை பின்வந்த மூன்று நூற்றாண்டுகளின் சிந்தனையில் ஆழமாகப் பதிந்துள்ளன. எனினும் அவரது கருத்துகளை அவரது வாழ்க்கையிலிருந்து பிரித்துப் பார்ப்பது பயன் தராது. விலக்கி வைக்கப்பட்ட ஒருவர் தன்னை விலக்கியோரைப் பற்றி எவ்வாறு சிந்தித்தார் என்பதே அந்த வாழ்வின் முக்கியமான பக்கமாகும்.

அவரை விலக்கியவர்கள் கொடுங்கோலர்கள் அல்லர். அவர்களே அகதிகள். 1492இல் கிரனடா வீழ்ந்து ஸ்பெயினில் முஸ்லிம்களின் ஆட்சி முடிவுற்ற அதே ஆண்டில் யூதர்களும் அந்நாட்டை விட்டு வெளியேற்றப்பட்டனர். பெருந்தொகையானோர் போர்த்துக்கலுக்குத் தப்பிச் சென்றனர். அங்கோ 1497இல் அவர்கள் கட்டாயமாகக் கிறிஸ்தவர்களாக்கப்பட்டனர். 1536இல் அங்கும் மத விசாரணை மன்றம் நிறுவப்பட்டது. வெளியே கிறிஸ்தவராகவும் வீட்டினுள் இரகசியமாக யூதராகவும் வாழ்ந்த குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அஞ்சி அஞ்சிக் காலம் கழித்தன. ஸ்பெயினில் எஞ்சியிருந்த முஸ்லிம் வம்சாவளியினரும் 1609 முதல் 1614 வரையான காலத்தில் நாடு கடத்தப்பட்டனர். போர்த்துக்கேயரின் இந்த மத வெறியை நமது நாட்டு மக்களும் அறிவர். 1626இல் அவர்களால் தமது பிரதேசங்களிலிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம்களில் பலரைக் கண்டி மன்னன் செனரத் கிழக்கில் குடியமர்த்தினான்.

ஸ்பினோசாவின் தந்தை மிகேல் போர்த்துக்கலின் விடிகேரா என்ற ஊரிலே பிறந்தவர். வாஸ்கோடகாமாவுக்குப் பிரபுப் பட்டத்தை ஈந்த ஊரும் அதுவே. அங்கிருந்து தப்பிய குடும்பம் இறுதியில் அம்ஸ்டர்டாமில் நிலைகொண்டது. மிகேல் அங்கே வணிகராகி, சமூகத்தில் மதிப்பும் பெற்றார். 1632 நவம்பர் 24ஆம் திகதி பிறந்த மகனுக்கு வீட்டிலே பெந்தோ என்றும், தொழுகைக்கூடத்தில் பாரூக் என்றும் பெயர். இரண்டினதும் பொருள் ஆசீர்வதிக்கப்பட்டவன் என்பதாகும். ஆறு வயதை எட்டும் முன்னரே அவர் தாயை இழந்தார். யூதப் பாடசாலையில் ஹீப்ரு மொழியும் வேதமும் கற்றார். இறுதிக்காலத்தில் ஹீப்ரு இலக்கண நூலொன்றை எழுத முற்பட்டார் என்பதிலிருந்து அந்தக் கல்வி அவருள் எவ்வளவு ஊன்றியிருந்தது என்பதை உணரலாம்.

அவர் சிறுவனாக இருந்தபோது அச்சமூகத்தில் ஒரு துயரம் நிகழ்ந்தது. ஊரியேல் டா கொஸ்தா என்பவர் மரபான நம்பிக்கைகளை மறுத்தமைக்காக விலக்கி வைக்கப்பட்டிருந்தார். தனிமையைத் தாங்கமுடியாமல் மன்னிப்புக் கேட்டு மீள வந்தார். தொழுகைக்கூடத்தில் அனைவர் முன்னிலையிலும் அவருக்குக் கசையடி கொடுக்கப்பட்டது. பின்னர் வாசலில் படுக்க வைக்கப்பட்டு, வெளியேறியோர் அவரைக் கடந்து சென்றனர். 1640இல் அவர் தன்னைத்தானே சுட்டு உயிர்நீத்தார். எட்டு வயதையும் எட்டாத ஸ்பினோசா இதனை எவ்வளவுக்கு அறிந்தார் என்று கூற ஆதாரமில்லை. ஆனால் அந்தச் சிறிய சமூகத்தில் இதனைப் பற்றிப் பேசாத வீடு இருந்திருக்க முடியாது.

சமூகத் தலைவர்களை வெறும் வெறியர்களாகச் சித்திரித்துவிட்டுச் செல்வது எளிது. அது முழு உண்மையாகாது. யூதர்கள் கிறிஸ்தவ சமயத்திற்கு எதிராகப் பேசவோ எழுதவோ கூடாது என 1616ஆம் ஆண்டிலேயே அம்ஸ்டர்டாம் நகர சபை கட்டளையிட்டிருந்தது. அவர்களின் இருப்பு நகரத்தாரின் தயவில் தங்கியிருந்தது. தமக்குள் ஒருவர் கடவுள் பற்றியும் வேதம் பற்றியும் ஏடாகூடமாகப் பேசினால் அதன் விளைவு முழுச் சமூகத்தையும் தாக்கக்கூடும் என்று அவர்கள் அஞ்சினர். ஒடுக்கப்பட்டு ஓடிவந்த சிறுபான்மையினர் தமது ஒற்றுமையைக் காப்பதற்காகத் தம்முள் மாறுபட்டுச் சிந்திப்பவரை வெளியே தள்ளுவது அம்ஸ்டர்டாமில் மாத்திரம் நடந்ததன்று. மத விசாரணை மன்றத்திடமிருந்து தப்பியவர்கள் அதன் பழக்கங்களில் ஒன்றிரண்டையும் தம்முடன் எடுத்து வந்துவிட்டார்கள் என்றே இதனை நோக்கும்போது தோன்றுகிறது.

விலக்குக்கு உடனடிக் காரணம் எது என்பது ஆய்வாளர்களிடையே இன்றும் விவாதப் பொருளாகும். 1654இல் தந்தை மரணமானபின் ஸ்பினோசாவும் தம்பி கபிரியேலும் குடும்ப வணிகத்தை நடத்தினர். தந்தையின் கடன்சுமை பெரிதாக இருந்தமையால், இருபத்தைந்து வயது நிரம்பாத அநாதை என்ற சட்ட நிலையைப் பெற்று, அதிலிருந்து விடுபட 1656 மார்ச்சில் நகர அதிகாரிகளிடம் சென்றார். யூத சமூகத்தின் தலைமையைத் தாண்டி வெளியாரிடம் சென்றமை அதிருப்தியை வளர்த்திருக்கலாம். அதேவேளை வன் டென் எண்டன் என்ற முன்னாள் யேசுசபையாளர் நடத்திய பாடசாலையில் அவருக்கு இலத்தீன் மொழியும் புதிய விஞ்ஞானமும் அறிமுகமாகின. அந்த ஆசிரியர் பிற்காலத்தில் பிரெஞ்சு மன்னனுக்கு எதிரான சதியில் சம்பந்தப்பட்டு 1674இல் பரிஸ் நகரில் தூக்கிலிடப்பட்டார்.

விலக்கு அறிவிக்கப்பட்டதும் ஸ்பினோசா மன்னிப்புக் கோரவில்லை. அதைவிட முக்கியம், அவர் எதிர்ப்பக்கத்திற்கும் செல்லவில்லை. அக்காலத்தில் ஒரு யூதர் தமது சமூகத்தை விட்டு வெளியேறினால் கிறிஸ்தவ சபையொன்றில் சேர்வதே வழக்கம். அதற்கு வரவேற்பும் சலுகையும் இருந்தன. அவரோ தமது பெயரின் இலத்தீன் வடிவமான பெனடிக்டுஸ் என்பதைச் சூடிக்கொண்டதோடு சரி, ஞானஸ்நானம் பெறவில்லை. எச்சமயக் குழுவிலும் சேராத தனிமனிதனாக வாழ்வது அன்றைய ஐரோப்பாவில் ஏறக்குறைய இயலாத காரியம். அதனை அவர் ஏனைய இருபது ஆண்டுகளும் செய்து காட்டினார். தம்மை விலக்கியோரை ஏசி ஒரு நூல் எழுதி ஐரோப்பாவெங்கும் கைதட்டல் பெற்றிருக்கலாம். அதனையும் அவர் செய்யவில்லை.

பிழைப்புக்கு அவர் தேர்ந்த தொழில் கண்ணாடி வில்லைகளைத் தேய்த்து மெருகூட்டுவது. தொலைநோக்கியும் நுணுக்குக்காட்டியும் விஞ்ஞானத்தின் புதிய கண்களாக விளங்கிய காலம் அது. சனிக்கிரகத்தின் வளையத்தை விளக்கிய ஹைகன்ஸ் அவரது வில்லைகளின் தரத்தைப் பாராட்டியுள்ளார். 1661இல் லெய்டன் நகருக்கு அண்மையிலுள்ள ரைன்ஸ்பர்க் கிராமத்திலும், 1663 முதல் வூர்பர்க்கிலும், 1670 முதல் ஹேக் நகரிலும் வாடகை அறைகளில் வாழ்ந்தார். சைமன் டி வ்ரீஸ் என்ற செல்வந்த நண்பர் இரண்டாயிரம் கில்டர் பணத்தை அன்பளிப்பாகக் கொடுக்க முன்வந்தபோது மறுத்துவிட்டார். அந்நண்பர் இறக்கும்போது ஆண்டுதோறும் ஐந்நூறு கில்டர் வழங்க ஏற்பாடு செய்திருந்தார். அது அதிகம் என்று கூறி முந்நூறை மாத்திரமே ஏற்றார் எனக் கூறப்படுகிறது. இத்தகவல்களை நமக்குத் தந்தவர் கொலேருஸ் என்ற லூத்தரன் மதகுரு. ஸ்பினோசாவின் கொள்கையை அவர் அடியோடு வெறுத்தவர். அப்படிப்பட்டவர் 1705இல் எழுதிய வரலாற்றில் ஸ்பினோசாவின் எளிமையையும் நற்குணத்தையும் மறைக்காமல் பதிவு செய்திருப்பது, நண்பர்களின் புகழுரையிலும் பார்க்க நம்பத்தகுந்த சாட்சியம் எனலாம்.

1670இல் அவரது சமய, அரசியல் ஆய்வு நூல் வெளியாயிற்று. அதில் ஆசிரியர் பெயர் இல்லை. அச்சிடப்பட்ட இடம் ஹாம்பர்க் என்று பொய்யாகக் குறிக்கப்பட்டிருந்தது. அத்தகைய எச்சரிக்கைக்கு வலுவான காரணம் இருந்தது. அவரது நண்பர் அட்ரியான் கூர்பாக், மதகுருமாரைச் சாடும் நூல்களைச் சாதாரண மக்களும் வாசிக்கக்கூடிய ஒல்லாந்த மொழியிலே எழுதியமைக்காக 1668இல் பத்தாண்டுச் சிறைத் தண்டனை பெற்று, அடுத்த ஆண்டே சிறையில் இறந்தார். ஸ்பினோசா இலத்தீனில் எழுதினார். தமது நூலின் ஒல்லாந்த மொழிபெயர்ப்பையும் தடுத்து நிறுத்தும்படி நண்பரை வேண்டினார். அவரது முத்திரையில் கவனமாயிரு எனப் பொருள்படும் இலத்தீன் சொல் ஒன்று பொறிக்கப்பட்டிருந்தது.

வேதத்தை அதன் மொழி, காலம், எழுதியோர் சூழல் ஆகியவற்றைக் கொண்டே ஆராயவேண்டும் என்று அந்நூல் வாதிட்டது. கொர்தோவாவில் பிறந்து, அரபு மொழியில் எழுதிய யூத அறிஞர் மைமோனிடிஸ், வேதம் பகுத்தறிவுக்கு முரணாகத் தோன்றும் இடங்களில் உருவகப் பொருள் கொள்ளலாம் என்றிருந்தார். ஸ்பினோசா அவரைக் கற்றுத் தெளிந்தபின் மறுத்தார். வேதத்தைப் பகுத்தறிவுக்குப் பணிய வைக்கவும் வேண்டாம், பகுத்தறிவை வேதத்திற்குப் பணிய வைக்கவும் வேண்டாம் என்பது அவர் நிலைப்பாடு. சமயத்தின் நோக்கம் நீதியும் அயலாரிடத்து அன்பும். மெய்யியலின் நோக்கம் உண்மை. இரண்டும் ஒன்றன் எல்லைக்குள் மற்றது புகாதிருந்தால் சண்டைக்கு இடமில்லை. சமய நம்பிக்கையுள்ள வாசகர்கள் இதனை அப்படியே ஏற்கவேண்டியதில்லை. வேதம் பற்றிய அவரது முடிவுகள் பல மூன்று சமயத்தாருக்கும் உவப்பானவையல்ல.

இந்த வாதப்படி துருக்கிய முஸ்லிம்களுக்கும் மீட்சி உண்டு என்றாகிவிடுமே என்று ஒரு விமர்சகர் அவர்மீது குற்றஞ்சாட்டினார். அக்கால ஐரோப்பாவில் அது பாரதூரமான குற்றச்சாட்டு. நீதியினாலும் அன்பினாலும் இறைவனை வழிபடும் எந்தச் சமூகத்தவருக்கும் அது உண்டு என்று அவர் தயங்காது பதிலளித்தார். ஆயினும் துருக்கிய அரசைப் பற்றி அவர் பேசும் இடங்களில், ஐரோப்பியரிடம் அன்று நிலவிய தப்பெண்ணத்திலிருந்து அவரும் முற்றாக விடுபட்டிருக்கவில்லை என்பதையும் கூறவேண்டும். அவரது நண்பர் வட்டத்தைச் சேர்ந்த பௌமெயிஸ்டரோ, அந்தலூசியாவின் முஸ்லிம் அறிஞர் இப்னு துபைல் எழுதிய ஹய் இப்னு யக்ஸான் என்ற கதையை 1672இல் ஒல்லாந்த மொழியில் வெளியிட்டார். தனித்தீவில் வளரும் மனிதன் ஒருவன் தன் அறிவினாலேயே இறைவனை அறியும் கதை அது.

நூலின் இறுதி அத்தியாயமே அரசியலாளர் அனைவரும் படிக்கவேண்டியது. ஒரு மனிதன் விரும்பினாலும் தன் சிந்திக்கும் ஆற்றலை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட முடியாது. எனவே எண்ணங்களை ஆள முற்படும் அரசு தோல்வியைத் தவிர வேறெதனையும் பெறாது. மக்கள் ஒன்றை எண்ணி வேறொன்றைப் பேசப் பழகுவர், நயவஞ்சகர் பெருகுவர், நேர்மையானவர்களே சட்டத்தின் எதிரிகளாக்கப்படுவர். சிந்தனைச் சுதந்திரம் நாட்டின் அமைதிக்குக் கேடு என்பது ஆட்சியாளரின் வழமையான வாதம். அதனை அவர் தலைகீழாகத் திருப்பி, அச்சுதந்திரம் இல்லாத இடத்தில் அமைதி நிலைக்காது என்று நிறுவினார். இதற்கு உதாரணமாக, பல இனத்தாரும் பல சமயத்தாரும் இணங்கி வாழும் அம்ஸ்டர்டாம் நகரை அவர் காட்டினார். தாம் விலக்கி வைக்கப்பட்ட நகரை அவர் புகழ்ந்தார் என்பதில் ஒரு பெருந்தன்மை இருக்கிறது.

ஆனால் இலங்கை வாசகருக்கு இங்கே ஒரு கேள்வி எழாதிருக்காது. ஸ்பினோசா விலக்கப்படுவதற்கு இரு மாதங்களுக்கு முன்னர், 1656 மே மாதத்தில்தான் கொழும்புக் கோட்டை ஒல்லாந்தர் வசமானது. 1658இல் யாழ்ப்பாணமும் வீழ்ந்தது. அம்ஸ்டர்டாமில் கத்தோலிக்கர் மறைவாக வழிபடுவதைக் கண்டும் காணாதிருந்த அதே ஒல்லாந்தர், இங்கே கத்தோலிக்கக் குருமாருக்கு அடைக்கலம் கொடுப்பதை மரண தண்டனைக்குரிய குற்றமாக்கினர். ஸ்பினோசா இறந்து பத்தாண்டுகளின் பின், 1687இல் கோவாவிலிருந்து வந்த யோசேப் வாஸ் அடிகளார் மாறுவேடத்திலேயே யாழ்ப்பாணத்தில் கால்வைக்க வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்த மதகுருவாகப் பணியாற்றிய பால்டேயஸ் இலங்கை பற்றி எழுதிய நூல் 1672இல் அம்ஸ்டர்டாமில்தான் அச்சாயிற்று. கீழைத்தேயக் கம்பனியின் கப்பல்கள் கொண்டுவந்த கறுவாவின் மணம் கமழ்ந்த நகரில் இருந்துகொண்டு சுதந்திரத்தைப் பற்றி எழுதிய ஸ்பினோசா, அக்கப்பல்கள் சென்ற நாடுகளில் அது மறுக்கப்பட்டதை அந்நூலில் ஆராயவில்லை.

அவர் புகழ்ந்த சுதந்திரம் அவரது நாட்டிலேயே எவ்வளவு மெல்லியது என்பதை 1672 காட்டிற்று. பிரெஞ்சுப் படைகள் ஒல்லாந்துக்குள் நுழைந்தன. தோல்விக்குப் பலியாடு தேடிய கும்பலொன்று, நாட்டின் தலைமை அரசியலாளராக விளங்கிய யொஹான் டி விட்டையும் அவரது சகோதரரையும் ஓகஸ்ட் 20ஆம் திகதி ஹேக் நகர வீதியில் அடித்துக் கொன்று உடல்களைச் சிதைத்தது. மனவெழுச்சிகளைப் புரிந்துகொள்ள வேண்டுமேயன்றி அவற்றுக்கு ஆட்படலாகாது என்று போதித்த ஸ்பினோசா அன்று கொதித்தெழுந்தார். கொலைஞர்களைக் காட்டுமிராண்டிகள் எனக் கண்டிக்கும் பதாகையை அவ்விடத்திலேயே நாட்டப் புறப்பட்டார். வீட்டுக்காரர் கதவைப் பூட்டி அவரைத் தடுத்ததால் உயிர் தப்பினார். இதனைப் பின்னாளில் லைப்னிட்ஸிடம் அவரே கூறியுள்ளார். அவரது வாழ்வில் என் மனதில் மிக நெருக்கமாக நிற்கும் காட்சி இதுதான்.

1673இல் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தின் மெய்யியல் பேராசிரியர் பதவி தேடிவந்தது. மெய்யியலாராய்ச்சிக்கு முழுச் சுதந்திரம் உண்டு, ஆனால் நிலைபெற்ற சமயத்தைக் குழப்ப அதனைப் பயன்படுத்தமாட்டார் என்ற நம்பிக்கையுடன் அழைக்கிறோம் என்றது கடிதம். அச்சுதந்திரத்தின் எல்லை எதுவென்று தமக்குத் தெரியவில்லை எனப் பணிவுடன் எழுதி அவர் மறுத்துவிட்டார்.

அவரது முதன்மை நூலான அறவியல் கேத்திரகணித நூல்போல வரைவிலக்கணம், வெளிப்படையுண்மை, தேற்றம், நிறுவல் என்று அடுக்கப்பட்டது. பல்கலைக்கழகத்தில் மெய்யியலை ஒரு பாடமாகப் பயின்ற நாட்களில் இந்நூலைக் கையிலெடுத்த நாங்கள், முதற் பத்துப் பக்கங்களிலேயே மூச்சுத்திணறியதுண்டு. ஆண்டுகள் பல கழித்து, மூன்றாம் நான்காம் பாகங்களிலிருந்து வாசிக்கத் தொடங்கியபோதுதான் அது மனிதரைப் பற்றிய நூல் என்பது விளங்கிற்று. இறைவனும் இயற்கையும் ஒன்றே; அதற்குப் புறம்பாக எதுவுமில்லை; மனிதனும் அதன் விதிகளுக்குட்பட்ட ஒரு பகுதியே. நாம் செய்வதை அறிகிறோம், அதனைச் செய்யத் தூண்டும் காரணங்களை அறிவதில்லை. அதனால் நம்மைச் சுதந்திரர் எனக் கருதுகிறோம். கேள்விப்பட்டதையும் தற்செயல் அனுபவத்தையும் கொண்டு எழும் அறிவு அறிவின் அடிமட்டம். பெரும்பாலான பகைமைகள் அதிலிருந்தே பிறக்கின்றன. ஒருவன் தன்னை வெறுக்கும் இன்னொருவனை வெறுத்தால் வெறுப்பு பெருகும்; அன்பினாலேயே அது அழிய முடியும். இதனை அவர் உபதேசமாகச் சொல்லாமல், முக்கோணத்தின் கோணங்களைக் கணக்கிடுவதுபோல நிறுவிக் காட்டுகிறார். நான்கு முழத்திற்கு அப்பால் நிறுத்தப்பட்ட ஒருவர் எழுதியது இது என்பதை நினைத்துக்கொண்டு வாசித்தால் அந்தத் தேற்றத்தின் கனம் வேறு.

குறைகளும் உண்டு. முற்றுப்பெறாத அவரது கடைசி நூலான அரசியல் ஆய்வில், மக்களாட்சியே இயற்கைக்கு மிக இணக்கமானது என்று கொண்ட அவர், பெண்களை ஆட்சியுரிமையிலிருந்து நீக்கி எழுதுகிறார். அந்த இடத்திலேயே நூல் முறிந்து நிற்கிறது. தப்பெண்ணங்களின் காரணங்களைத் தேடியவர் தம்முடையதைத் தேடவில்லை.

1675இல் அறவியலை வெளியிட அம்ஸ்டர்டாம் சென்றார். கடவுள் இல்லை என்று நிறுவும் நூல் வருகிறது என வதந்தி பரவியதால் அச்சிடாமலே திரும்பினார். ஹேக் நகரில் வன் டெர் ஸ்பைக் என்ற ஓவியரின் வீட்டில் அவர் குடியிருந்தார். தனது சமயத்தில் நின்றே தான் மீட்சி பெறலாமா என வீட்டுக்காரி ஒருநாள் கேட்டபோது, அவருடைய சமயம் நல்லதே, அமைதியாகவும் பக்தியாகவும் வாழ்ந்தால் வேறொன்றைத் தேடவேண்டியதில்லை என்று பதில் கூறினாராம். தேவாலயத்திலிருந்து அவர்கள் திரும்பும்போது பிரசங்கத்தில் என்ன கூறப்பட்டது என ஆவலோடு கேட்பாராம். 1677 பெப்ரவரி 21ஆம் திகதி, நாற்பத்து நான்கு வயதில், நுரையீரல் நோயினால் மரணமானார். கண்ணாடித் தூசு அந்நோயை மோசமாக்கியிருக்கலாம் எனப் பலரும் கருதுவர். கையெழுத்துப் பிரதிகள் இருந்த மேசையை வீட்டுக்காரர் ஓசையின்றி அம்ஸ்டர்டாமிலிருந்த வெளியீட்டாளரிடம் அனுப்பிவைத்தார். அவ்வாண்டின் இறுதியில் நண்பர்கள் நூல்களை அச்சிட்டனர். ஆசிரியர் பெயருக்குப் பதிலாக மூன்று முதலெழுத்துகளே இருந்தன. அடுத்த ஆண்டே ஒல்லாந்து அரசு அவற்றைத் தடைசெய்தது. ரோமாபுரியின் மத விசாரணை மன்றத்திடம் 1677இல் குற்றச் சான்றாக ஒப்படைக்கப்பட்ட அறவியலின் பிரதி ஒன்று 2010இல் வத்திக்கான் நூலகத்தில் அடையாளம் காணப்பட்டது. அந்நூலின் எஞ்சியுள்ள ஒரே கையெழுத்துப் பிரதி அதுதான். எரிக்கவேண்டும் என்று விரும்பியவர்களின் பெட்டகமே அதனைக் காத்திருக்கிறது.

1956இல் ஹேக் நகரிலுள்ள அவரது கல்லறையருகே, உன்னுடைய மக்கள் எனப் பொருள்படும் ஹீப்ருச் சொல் பொறித்த கல் ஒன்று நாட்டப்பட்டது. 2015 டிசெம்பரில் அம்ஸ்டர்டாம் யூத சமூகம் அறிஞர்களை அழைத்து, விலக்கை நீக்குவதா என்று ஆராய்ந்தது. அச்சமூகத்தின் மதகுரு நீக்க உடன்படவில்லை. போர்த்துக்கேய மொழியில் எழுதப்பட்ட அந்தத் தீர்ப்பின் பக்கம் சமூகத்தின் பதிவேட்டில் இன்றும் இருக்கிறது. சாபங்கள் அனைத்தும் அதில் வரிசையாக உள்ளன. கொடிய கருத்துகள், கொடிய செயல்கள் என்று குற்றமும் கூறப்பட்டுள்ளது. அந்தக் கருத்துகள் எவை என்று மட்டும் ஓரிடத்திலும் எழுதப்படவில்லை.